முன்வரிசையில் எட்டுப் பேர்

ரொறன்ரோவை ஒட்டிய மில்லிக்கனில் நான் வேலை செய்த பக்டரியில், ஷாம்பு போத்தல்களுக்கு மூடி போடும் லைனில் எனக்கு எதிரே ஒரு மெக்சிக்கோக்காரர் நின்றார். நாற்பதை நெருங்கும் வயது, தடித்த கழுத்து. இடது கையின் சுண்டுவிரல் நிமிராது. தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. ஐந்து மாதம் நேர் எதிரே நின்றும் நாங்கள் அதிகம் பேசிக்கொண்டதில்லை. ஒருநாள் சனிக்கிழமை ஷிஃப்டை மாற்றித் தரமுடியுமா என்று கேட்டார். காரணம் கேட்டேன். சொல்வதற்கு முன் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டார்.

அவர் முகமூடி அணியும் மல்யுத்த வீரர். பாட்டனார் தைப்பித்த முகமூடியைத்தான் தகப்பனும் முப்பது வருடம் அணிந்து ஆடினார். இப்போது அது இவருடையது. நீலத்துணியில் வெள்ளிக் கரை, பின்னால் கயிறு. மேற்கு ரொறன்ரோவில் ஒரு வாடகை மண்டபத்தில் மாதம் ஒருமுறை ஆடினார். அந்தக் குடும்பத்தில் ஒரு விதி இருந்தது. முகமூடிக்குள் இருப்பவர் யார் என்று வெளியே தெரியக்கூடாது. ஒவ்வொரு போட்டியையும் வீடியோவில் பதிந்து மெக்சிக்கோவிலிருக்கும் தகப்பனுக்கு அனுப்பவேண்டும். கூட்டத்திலிருந்து ஒருமுறை அவருடைய சொந்தப் பெயர் கேட்டால் போதும், முகமூடி ஊரிலிருக்கும் தம்பிக்குப் போய்விடும். தம்பிக்கு இருபத்தைந்து வயது. காத்திருந்தான்.

நான் யாழ்ப்பாணத்தில் ஏழு வருடம் நிருபராக இருந்தவன். இங்கே ஓர் இலவசத் தமிழ் வாரப் பத்திரிகைக்கு எழுதிக்கொண்டிருந்தேன். எழுதலாமா என்று கேட்டபோது, பெயரும் முகமும் வேண்டாம், மற்றபடி எழுது என்றார்.

பெயரை நான் எழுதவில்லை. ஆனால் எங்கள் பத்திரிகைகளில் ஓர் ஆளை அறிமுகம் செய்வதற்கு ஒரு முறை உண்டு. யாருடைய மகன், எந்த இடம், என்ன தொழில். இவை இல்லாவிட்டால் வாசகர்கள் அப்படி ஓர் ஆள் இருப்பதையே நம்பமாட்டார்கள். என் கை பழக்கத்தில் எழுதிவிட்டது. மில்லிக்கனில் போத்தலுக்கு மூடி போடுகிறார், காலை ஷிஃப்ட், சுண்டுவிரல் நிமிராது. லைனில் நின்றவர்களில் பாதிப்பேர் தமிழர் என்பது எழுதும்போது எனக்கு நினைவில் வரவே இல்லை.

பத்திரிகை வியாழக்கிழமை கடைகளுக்கு வந்தது. வெள்ளி மதியம் லஞ்ச் ரூமில் ஒருவர் அதை மேசையில் விரித்தார்.

"பேப்பர் அண்ணை, உது உங்களுக்கு முன்னால நிக்கிற ஆள்தானே?"

"எது?"

"சுண்டுவிரலையும் எழுதிப்போட்டு எது எண்டு கேக்கிறியள்."

எல்லோரும் சிரித்தார்கள். எட்டுப் பேர் ஏற்கெனவே ரிக்கெட் எடுத்திருந்தார்கள், அடுத்த நாள் போட்டிக்கு, முன்வரிசையில். பெயர் சொல்லிக் கத்தினால் மனிதர் துள்ளி விழுவார் என்பது அவர்களுடைய திட்டம்.

"பேர் சொல்லக்கூடாது," என்றேன். "சொன்னால் அந்தாளின்ர முகமூடி போயிடும்."

"நீங்கள் எழுதாமல் எழுதின மாதிரி நாங்களும் சொல்லாமல் சொல்லுவம்."

அன்று வேலை முடிந்ததும் தமிழ்க் கடைகள் இருந்த மூன்று பிளாசாக்களுக்குக் கார் ஓட்டிப்போய் மிச்சமிருந்த பத்திரிகைக் கட்டுகளை எல்லாம் எடுத்துப் பின்சீற்றில் போட்டேன். ஒரு கடைக்காரர், "என்னண்ணை, பிழை விட்டிட்டியளோ?" என்று கேட்டார். அச்சுப் பிழை என்றேன். மெக்சிக்கோக்காரரிடம் சொல்லத் துணிவு வரவில்லை.

சனிக்கிழமை பின்னேரம் மூன்று மணிக்குப் போட்டி. எட்டுப் பேருக்குப் பக்கத்தில் கடைசிக் கதிரையில் இருந்தேன். எங்களிடமிருந்து பத்தடி தூரத்தில் முக்காலியில் வீடியோ கமெரா. லஞ்ச் ரூமில் பத்திரிகையை விரித்தவர் தொண்டையைச் செருமிக்கொண்டிருந்தார். திரை விலகி மெக்சிக்கோக்காரர் வந்தார். தலை முழுவதும் மூடிய துணி, கண்ணுக்கு இரண்டு துளை. மேடையைச் சுற்றி வந்தவர் எங்களைக் கண்டு நின்றார். இடமிருந்து வலமாக ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். பிறகு தலையை ஒருமுறை ஆட்டினார்.

அது வணக்கம். எனக்குத் தெரியும். எட்டுப் பேருக்கும் தெரிந்திருக்கும். ஆனால் ஒருவரிடமிருந்தும் சத்தம் வரவில்லை.

ஊரில் இராணுவத்தின் சுற்றிவளைப்பு நடக்கும்போது எங்களை வரிசையாக இருத்துவார்கள். சாக்கால் தலையை மூடிய ஒருவனை ஜீப்பில் கொண்டுவருவார்கள். சாக்கில் இரண்டு துளை. தலையாட்டி என்போம். அவன் பேசமாட்டான். ஒவ்வொரு முகமாகப் பார்த்து வருவான். தலையை ஆட்டினால், அந்த ஆளை ஏற்றிக்கொண்டு போவார்கள். நான் மூன்றுமுறை அப்படி இருந்திருக்கிறேன். இந்த எட்டுப் பேரில் யார் யார் இருந்தார்கள் என்று கேட்டதில்லை. இப்போது கேட்கத் தேவையிருக்கவில்லை. செருமிக்கொண்டிருந்தவர் தன் சப்பாத்தைப் பார்த்தார். அவருக்கு அடுத்தவர் இரண்டு கைகளையும் தெரியும்படி முழங்காலில் விரித்து வைத்திருந்தார். சுற்றிலும் குடும்பங்கள் ஸ்பானிய மொழியில் ஆரவாரம் செய்தன. குழந்தைகள் முகமூடியைத் தொட ஓடின. என் சேர்ட்டின் முதுகு நனைந்திருந்தது.

போட்டி பதினொரு நிமிடம் நடந்தது. அவர் வென்றார். பெயரை யாரும் சொல்லவில்லை.

அவர்களுடைய வான் வண்டியில் திரும்பும்போது ஒருவர் கேட்டார்.

"அந்தாள் ஏன் தலையை ஆட்டினவர்?"

"எங்களைக் கண்டிட்டு ஆட்டினவர்."

"ஓம், அது தெரியும்."

திங்கட்கிழமை லைனில் அவர் கேட்டார்: "உன் ஆட்கள் ஏன் கை தட்டவில்லை? நான் நல்லவன் பக்கம் ஆடுபவன். குழந்தைகள்கூட என்னிடம் ஓடி வரும்."

எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் இரண்டையும் சொன்னேன், சாக்கைப் பற்றியும் பத்திரிகையைப் பற்றியும். பத்திரிகையைச் சொல்லத்தான் அதிக நேரம் எடுத்தது. அவர் ஆறேழு போத்தல்களுக்கு மூடி போட்டார்.

"எத்தனை பேருக்குத் தெரியும்?"

"எட்டுப் பேருக்கு. கூடவும் இருக்கலாம்."

"மறுபடி வருவார்களா?"

"வந்தாலும் கத்தமாட்டார்கள்."

"அப்படியென்றால் அந்தப் பயம் அவர்களுக்குத் தெளியவேண்டாம்," என்றார். சிரிக்கவில்லை.

இன்னும் இரண்டு வருடம் அந்த முகமூடி அவரிடமே இருந்தது. நான் மூன்றுமுறை போனேன். உள்ளே இருப்பவர் யாரென்று அந்த மண்டபத்தில் என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் இல்லை. ஆனாலும் அந்த இரண்டு துளைகளும் வரிசையில் திரும்பி வரும்போது, என் முறைக்கு இன்னும் எத்தனை பேர் என்று எண்ணிக்கொண்டிருப்பேன்.