நைட்டிக் கடையின் முதல் போனி

கிழக்குத் தாம்பரத்தில் மாடி வைத்த வீடு, மார்க்கெட்டில் பிளாஸ்டிக் சாமான் கடை, அதை ஒட்டியே வாடகைப் பாத்திரக் கடை, கட்டிக்கொடுத்த இடத்தில் நன்றாக இருக்கும் இரண்டு பெண்கள். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் ஒற்றை ஆளாகச் செய்தது இவ்வளவும். சைக்கிளில் பக்கெட்டுகளைக் கட்டிக்கொண்டு சேலையூர் வரை எதிர்க்காற்றில் மிதித்தபோது பின்னால் தள்ளிவிட ஒருவரும் வரவில்லை. இதை நான் அடிக்கடி சொல்வதாக வீட்டில் ஒரு பேச்சு. அடிக்கடி சொல்லியும் ஊரில் பாதிப் பேருக்குத் தெரியவில்லை என்பதுதான் என் வருத்தம்.

இந்தக் கணக்கில் சேர வேண்டிய இன்னொன்று போன வாரம் என் கண்ணெதிரே பறிபோனது. ஒரு காலத்தில் சந்தையில் என் எதிரே கடை போட்ட மும்தாஜ், பெரும்பாக்கத்தில் புதிதாக நைட்டிக் கடை திறந்தாள். பல்லாவரத்திலும் மேடவாக்கத்திலும் அவளுக்கு ஏற்கெனவே கடை இருக்கிறது. என்னை முன்வரிசையில் உட்காரவைத்து ரோஸ்மில்க் கொடுத்தார்கள், அதில் குறையில்லை. அப்புறம் மைக்கைப் பிடித்த மும்தாஜ், "சந்தையில நான் கடை போட்டப்போ மொத போனி பண்ணது எங்க வூட்டுக்காருதான்" என்றாள். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். பாதியில்தான் விஷயம் உறைத்தது.

முதல் போனி பண்ணியது நான்.

கடை முழுக்கப் புதுத்துணியின் கஞ்சி வாசனை. அது மூக்கில் ஏறினாலே எனக்குக் கூடவே கருவாட்டு வாசனையும் வரும். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் மும்தாஜுக்கு முதன்முதலாகக் கிடைத்த இடம் அப்படி. ஒரு பக்கம் பழைய மிக்ஸி, இன்னொரு பக்கம் கருவாடு. எதிரே என் பக்கெட் கடை.

அவள் புருஷன் சாதிக் தோல் கம்பெனியில் கட்டிங் வேலை பார்த்தவன். கம்பெனி மூடியதும் சொந்தமாக பெல்ட் தைத்தான், கிளி விற்றான், குடை ரிப்பேர் பார்த்தான். குடை ரிப்பேரை சித்திரையில் ஆரம்பித்தான். யாராவது கேட்டால் "பிசினஸ்" என்பான். மும்தாஜ் விடிந்ததிலிருந்து தையல் மிஷின் மிதிப்பாள். கேட்டால், "வூட்ல சும்மாதாண்ணா கீறேன்" என்பாள். அந்த நாளில் எல்லா வீட்டிலும் இதே பதில்தான். என் மனைவி மதியமெல்லாம் கடையில் உட்கார்ந்து என்னைவிட அதிகமாக விற்பாள், அவளும் "சும்மா"தான். கெட்டிக்காரி. நான் பழக்கியது. கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு கடற்கரையிலிருந்து வரும் கருவாட்டுக்கார அம்மா ஒருத்திதான், "நான் யாவாரம் பண்றேன், என் புருசன் கடலுக்குப் போறான்" என்று தன்னை முன்னால் வைத்தே சொல்வாள்.

சாதிக்கின் அண்ணன் ஆம்பூரில் வசதியானவர். இங்கே இருந்து என்ன கிழிக்கப் போகிறாய், குடும்பத்தோடு வந்து நம் வீட்டில் இரு என்று ஆள் அனுப்பியிருந்தார். மும்தாஜுக்கு அந்த வீட்டுக்குப் போக விருப்பமில்லை. அங்கே போனால் மிஷினை விற்றுவிட்டு, மூத்தவர் பெண்டாட்டிக்குக் கீழே சமையல்கட்டில் நிற்க வேண்டும். ஒரே ஒரு சந்தை பார்க்கலாம், நைட்டி விற்காவிட்டால் ஞாயிற்றுக்கிழமை ஆம்பூருக்கு ரயிலேறுவது என்று புருஷனும் பெண்டாட்டியும் பேசி முடித்திருந்தார்கள்.

அன்று காலை ஒன்றும் விற்கவில்லை. பெண்கள் வந்தார்கள், துணியைத் தொட்டார்கள், முகர்ந்தார்கள், போனார்கள். சாதிக் பார்த்தான். யாரோ மாதிரி கூட்டத்திலிருந்து வந்து, சொந்தப் பெண்டாட்டியிடம், "இது எவ்ளோம்மா?" என்று கேட்டான். பேரம் பேசினான், கையை மூடிக் காசு கொடுத்தான், நைட்டியை வாங்கிக்கொண்டு போனான். டீக்கடையைச் சுற்றிப் பின்பக்கமாக வந்து அதைச் சாக்கில் போட்டுவிட்டு, மறுபடி முன்னால் வந்து நின்றான். கூட்டம் இருந்தால் கூட்டம் சேரும் என்பது கணக்கு. மூன்றாவது தடவை கருவாட்டுக்கார அம்மா கேட்டாள்:

"இன்னா பாய், இத்தினி நைட்டி வாங்கறியே, வூட்ல நைட்டிக் கடை வெச்சிகினு கீறியா?"

அவன் ஜும்மாவுக்கு நேரமாகிவிட்டது என்று பள்ளிவாசலுக்குப் போய்விட்டான். மும்தாஜ் நைட்டிகளை மடித்து அடுக்க ஆரம்பித்தாள். விற்பதற்கு மடிப்பது வேறு, கட்டுவதற்கு மடிப்பது வேறு. எனக்கு வித்தியாசம் தெரியும்.

அப்போதுதான் நான் எழுந்தேன். சந்தையில் என் கைக்கு ஒரு பெயர் உண்டு. நான் போனி பண்ணினால் அன்றைக்குச் சாக்கு காலி என்பார்கள். கடலை வண்டிக்காரன் நான் வரும்வரை அடுப்பைப் பற்றவைத்துவிட்டுக் காத்திருப்பான். நீலப் பூப்போட்ட நைட்டி ஒன்றை எடுத்தேன். வீட்டுக்காரியின் அளவு தெரியாததால் பெரியதாகவே எடுத்தேன். விலையைக் குறைத்துக் கேட்டேன். முதல் ஆளைத் திருப்பி அனுப்பக் கூடாது என்பது வழக்கம், எனக்கா அது தெரியாது.

"கைராசிக்காரருன்னாங்க. வாய்ராசியும் கீதுண்ணா உங்களுக்கு" என்றாள். ஆனால் கொடுத்தாள். நான் தந்த நோட்டைக் கண்ணில் ஒற்றி, துணிக்குவியலுக்கு மேல் மூன்று சுற்று சுற்றினாள்.

சாயங்காலம் சாக்கு காலி. ஏற்றுமதி கம்பெனியில் அன்றைக்குச் சம்பள நாள், அதனால் பெண்கள் கூட்டமாக வந்தார்கள் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். சம்பள நாள் மாதாமாதம் வருகிறது. நான் அன்றைக்குத்தான் வாங்கினேன். ஆம்பூர் ரயில் அவர்கள் இல்லாமலே போனது.

திறப்பு விழா முடிந்ததும் கல்லாவில் இருந்த சாதிக்கைப் பிடித்தேன். இப்போது அவனிடம் என்ன வேலை என்று கேட்டால், "சும்மாதான் கீறேன், ஓனர் அவங்க" என்கிறான். "ஏம்ப்பா, அன்னிக்கி நீ பண்ணது போனியா? அவ குடுத்த காச அவகிட்டயே குடுத்தே" என்றேன்.

"அவ குடுத்தது இல்லண்ணா. என் பஸ் காசு. அன்னிக்கி ஜும்மா முடிஞ்சு வூட்டுக்கு நடந்தே போனேன்."

மும்தாஜ் பக்கத்தில் பில்லைக் கிழித்துக்கொண்டே, "எனக்குத் தெரியும்ணா. வாங்கும்போதே சில்லறை அவரு கைச்சூட்டோட இருந்துச்சி" என்றாள். அவன் அவளைப் பார்க்காமல் பை எடுத்துக் கொடுத்தான்.

இது எனக்குப் புதுச் செய்தி. யோசித்துத்தான் பார்த்தேன். ஆனாலும் பொருள் சாக்குக்கே திரும்பிவிட்டது. பொருள் கைமாறாமல் போனி கிடையாது.

இப்போது போனியே கிடையாது. திறப்பு விழாவன்று புதுக்கடையின் முதல் வியாபாரத்தைக் கல்லாமேல் இருந்த சின்னப் பெட்டி பெண்குரலில் அறிவித்தது. பணம் அனுப்பியது யார் என்று யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. கேம்ப் ரோட்டில் பெண்பிள்ளைகள் போனிலேயே துணி விற்கிறார்கள், பெயருக்குக் கீழே முதலாளி என்று தைரியமாகப் போட்டுக்கொள்கிறார்கள். நல்லதுதான். பையன்கள் பைக்கில் சாப்பாடு கொண்டு போகிறார்கள். தனக்குத் தானே முதலாளி என்கிறான் ஒருவன், போன் கத்தினால் பாதி டீயை வைத்துவிட்டு ஓடுகிறான். இவர்களில் யாருக்கு யாருடைய கை வேண்டும்? கண்ணில் ஒற்றிக்கொள்ள நோட்டும் இல்லை.

அதனால்தான் எழுதிக் கேட்கிறேன். மும்தாஜ் கடையில் கல்லாவுக்கு மேலே சுவர் காலியாக இருக்கிறது. முதல் போனி என்று போட்டு என் பெயரை அங்கே எழுத வேண்டும், தூரத்திலிருந்து தெரிகிற மாதிரி. சாதிக் பெயரையும் போடட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் எனக்குக் கீழே.