ஈஸ்ட் கோஸ்ட்டில் நல்ல காற்று அடித்த நாள்

வெள்ளிக்கிழமை, மதியம்

சாங்கியில் இறங்கி வெளியே வந்ததும் அண்ணாந்து மரங்களைப் பார்த்தேன். கிளைகள் நன்றாகவே ஆடின. ஜனவரியில் சிங்கப்பூருக்கு வடகிழக்கிலிருந்து காற்று வரும். வருஷத்தில் பாதி நாள் இந்த ஊர்க் காற்றை நம்பித் துணிகூடக் காயப்போட முடியாது. சென்னையிலிருந்து நாலு மணி நேரம் பறந்து வந்ததே இந்தக் காற்றுக்காகத்தான். அதுவும் எனக்காக இல்லை, ஜமாலுக்காக.

நான் இங்கே வேலை பார்த்த காலத்தில் கிடைத்த நண்பன் ஜமால். அவனுடைய தாத்தா நாகூரிலிருந்து வந்து சிராங்கூன் ரோட்டில் துணிக்கடை போட்டவர். இவன் கப்பல் பட்டறையில் இன்ஜினியர் ஆனான். ஞாயிற்றுக்கிழமையானால் இருவரும் ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரைக்கு விண்ட்சர்ஃபிங் செய்யப் போய்விடுவோம். பலகைமேல் நின்று, அதில் நட்ட பாயைக் கையில் பிடித்துக்கொண்டு காற்றோடு ஓடுகிற விளையாட்டு அது. போன வருஷம் அவனுடைய இடது கை விரல்கள் மடங்க மறுத்தன. நரம்பு நோய் என்றார்கள். வலது கைக்கும் வருமாம், எப்போது என்பதுதான் தெரியாதாம்.

"கை இருக்கும்போதே ஒரு தடவை ஓடிப் பாத்துடணும்டா. முடியுமா முடியாதான்னு எனக்குத் தெரியணும். பாயை என்னால கட்ட முடியாது, நீ வந்து கட்டிக் கொடு" என்று போனில் சொன்னான். மறுபேச்சுப் பேசாமல் டிக்கெட் எடுத்தேன்.

ரயிலுக்கு இரண்டு வெள்ளிக்குக் கொஞ்சம் மேல்; இங்கே டாலரை வெள்ளி என்பார்கள். லிட்டில் இந்தியாவில், டன்லப் தெருவில், ஜன்னலே இல்லாத ஓர் அறைக்கு இரவுக்கு எண்பது வெள்ளி. கட்டிலில் உட்கார்ந்தால் முழங்கால் சுவரில் இடிக்கிறது. இந்தப் பணத்துக்கு ஊரில் பால்கனியோடு அறை கிடைக்கும் என்று முணுமுணுத்துக்கொண்டே குளித்தேன்.

அன்று மாலை

ஜமாலின் மனைவி நஸீமா தேக்கா மார்க்கெட்டுக்கு வரச் சொன்னாள். மீன் வாங்க வந்த மாதிரி ஒரு பை வைத்திருந்தாள்; பை காலியாக இருந்தது. தே தாரிக் என்கிற நுரை பொங்க ஆற்றிய டீ இரண்டு வாங்கி, ஒன்றை என் பக்கம் தள்ளினாள்.

"அண்ணே, போகவேணாம்னு சொல்ல எனக்கு மனசு வரலை. ஆனா அந்தப் பாய் இழுத்து, கை நழுவி, தண்ணிக்குள்ள போயிட்டா? யோசிச்சா தூக்கமே வரலண்ணே."

"நான் பக்கத்துலயே இருப்பேன்."

"கல்யாணமான புதுசுல அவங்க எனக்கு இதைக் கத்துக் கொடுத்தாங்கல்ல? அப்ப பாயை உசுரே இல்லாம கட்டிக் கொடுப்பாங்க. காத்து வந்தாலும் இழுக்காது. ஜாலியா நின்னுட்டு வருவேன். அந்த மாதிரி கட்டிடுங்கண்ணே. அவங்களுக்குத் தெரிய வேணாம், ப்ளீஸ் லா."

எனக்கும் பயம் இருந்தது. அவள் கேட்டது என் பயத்துக்குத் தோதாகவும் இருந்தது. சரி என்றேன். டீ ஆறிப்போய் ஆடை கட்டியிருந்தது. அதையும் குடித்தேன்.

சனிக்கிழமை, காலை

புக்கிட் மேராவில் ஜமால் வீடு பதினோராவது மாடி. பாய்மரம், பாய், கைப்பிடிச் சட்டம் எல்லாவற்றையும் லிஃப்ட்டில் சாய்த்துச் சாய்த்து இறக்கி, ஒரு வேன் டாக்ஸியில் ஏற்றினோம். நஸீமாவும் கூட வந்தாள். பலகை கடற்கரைக் கொட்டகையில் இருந்தது. பன்னிரண்டு கிலோமீட்டர் சொச்சம், இருபத்தெட்டு வெள்ளி. ஓட்டுநர் தமிழர்.

"மீன் பிடிக்கவா அண்ணே?"

"இல்லண்ணே, விண்ட்சர்ஃபிங்" என்றேன்.

"இந்த வயசுலயா! இடுப்பு புடிச்சுக்கும் லா" என்று சிரித்தார். ஜமாலும் சிரித்தான். இடது கையை மட்டும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டான்.

கடலில் வெள்ளை நுரை தெரிந்தது. தூரத்தில் வழக்கம்போலக் கப்பல்கள் வரிசையாக நங்கூரமிட்டுக் கிடந்தன. ஆறேழு பேர் ஏற்கெனவே பறந்துகொண்டிருந்தார்கள். இதைவிட நல்ல காற்றுக்கு யாரும் ஆசைப்பட முடியாது.

புல்தரையில் பாயை விரித்தேன். இரண்டு துண்டுப் பாய்மரத்தைச் செருகி, பாயின் முன்பக்க உறைக்குள் நுழைத்து, பூம் என்கிற கைப்பிடிச் சட்டத்தை ஜமாலின் தோள் உயரத்துக்கு மாட்டினேன். இதுவரை யாரும் செய்துவிடலாம். சூட்சுமம் அடிக்கயிற்றில் இருக்கிறது. பாயின் அடி நுனியைப் பாய்மரத்தின் அடியோடு இழுத்துக் கட்டுகிற கயிறு அது. குறைவாக இழுத்தால் பாய் தொந்தி போட்டுக் காற்றை விடாமல் பிடித்துக்கொண்டு கையைப் பிய்க்கும். அளவாக இழுத்தால் உச்சியில் மட்டும் துணி கொஞ்சம் தொய்ந்து, மிஞ்சிய காற்றைக் கழித்துவிடும். அதற்கும் மேலே இழுத்தால் தொய்வு பாதிப் பாய் வரை இறங்கும். பார்க்க விறைப்பாகத்தான் இருக்கும், ஆனால் காற்று தங்காது.

ஜமால் பலகையைப் பார்க்கக் கொட்டகைக்குப் போயிருந்தான். அளவு வந்த பிறகும், பாய்மரத்தின் அடியில் காலை ஊன்றி, இன்னும் மூன்று விரல்கடை இழுத்து முடிச்சுப் போட்டேன்.

எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. கட்டியவன் தானே சரி என்று சொல்லக் கூடாது. மற்றவன் பாயின் உச்சியிலிருந்து உள்ளங்கையை அழுத்திக்கொண்டே வந்து பார்த்து, "எடு" என்று சொன்னால்தான் தண்ணீரில் இறங்கலாம். இத்தனை வருஷத்தில் அதை மீறியதில்லை. ஜமால் வந்து மண்டியிட்டான். வலது கையை உச்சியில் வைத்து மெல்லக் கீழே கொண்டுவந்தான். பாதிப் பாயில் கை நின்றது. கரையில் போனைத் தூக்கிப் பிடித்து வீடியோ எடுத்துக்கொண்டிருந்த நஸீமாவைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

"எடு" என்றான்.

முடிச்சை அவிழ்த்துவிட அந்த ஒரு நொடி போதும். நான் அவிழ்க்கவில்லை. நான் பாயைத் தூக்கிக்கொண்டு தண்ணீருக்கு நடந்தேன்.

மார்பளவுத் தண்ணீரில் பலகையைப் பிடித்துக்கொண்டேன். ஜமால் ஏறி நின்றான். வலது கையால் பூமைப் பிடித்து, இடது மணிக்கட்டை அதன்மேல் போட்டுக்கொண்டு, இடுப்பில் கட்டியிருந்த பட்டையின் கொக்கியைப் பூமிலிருந்து தொங்கும் கயிற்றில் மாட்டினான். அப்போதுதான் எனக்கு உறைத்தது. பாய் இழுத்தால்தான் அந்தக் கொக்கி ஆளைத் தாங்கும். இழுப்பில் உடம்பைச் சாய்த்துத் தொங்கலாம், கைக்கு வேலையே குறைவு. பாயில் இழுப்பு இல்லையென்றால் கொக்கி நழுவிவிடும், பாயின் முழு எடையையும் கைதான் சுமக்க வேண்டும். பயந்து பயந்து நான் செய்து வைத்த வேலை, அவனிடம் இல்லாத ஒன்றையே கேட்டது.

பலகை நடைவேகத்தில் நகர்ந்தது. மற்றவர்கள் விர்ரென்று அவனைத் தாண்டிப் போனார்கள். அவன் சாய்ந்தான், கொக்கி கழன்றது. மறுபடி மாட்டினான், மறுபடி கழன்றது. பிறகு மாட்டவில்லை. வெறும் கையால் பிடித்துக்கொண்டு கொஞ்ச தூரம் நின்றே போனான். விரல்கள் விரிந்து பாய் தண்ணீரில் சரிந்தது. கரையில் நஸீமா கைதட்டினாள்.

நீந்திப் போய்ச் சேர்ந்தேன். பலகையில் உட்கார்ந்திருந்தான்.

"இது நான் நஸீமாவுக்குக் கட்டுற கட்டுடா."

"அவிழ்த்துக் கட்டுறேன். மூணு விரல் விட்டாப் போதும், ஜமால்."

வலது கையைத் தூக்கிக் காட்டினான். அதுவும் மூட வரவில்லை.

"பாய் என்னை இழுத்துத் தள்ளியிருந்தா, சரி, முடியலன்னு வந்திருப்பேன். ஓடியிருந்தா ஓடினேன்னு இருப்பேன். இப்ப எது எனக்குத் தெரியும், சொல்லு?"

நான் பலகையைக் கரைப் பக்கம் திருப்பினேன்.

"அவகிட்ட எதுவும் சொல்லாத" என்றான்.

பாயையும் பாய்மரத்தையும் அன்றே கொட்டகைக்காரரிடம் கொடுத்துவிட்டான். யாராவது கேட்டால் கொடுங்கள் என்று மட்டும் சொன்னான். திரும்பும் வழியெல்லாம் காற்று குறையவே இல்லை. பாலத்தின் மேல் டாக்ஸி லேசாக ஆடியது. நான் அந்தக் காற்றைச் சபித்துக்கொண்டே வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை

எத்தனையோ பயணங்களில் பஸ்ஸைத் தவறவிட்டிருக்கிறேன், ஏமாந்திருக்கிறேன், மழையில் நனைந்து காய்ச்சலோடு திரும்பியிருக்கிறேன். அதையெல்லாம் ஊருக்குப் போய்ச் சிரித்துச் சிரித்துச் சொல்லலாம். இதை யாரிடம் போய்ச் சொல்வது? ஒருவனுக்கு ஒரே ஒரு நாள் மிச்சம் இருந்தது. அதை வீணாக்கத்தான் நான் விமானம் ஏறி வந்தேன்.

வழியனுப்ப நஸீமா மட்டும்தான் வந்தாள். அவங்களுக்குக் கை வலி, படுத்திருக்காங்க என்றாள். வீடியோவைக் காட்டினாள். அதில் ஜமால் கடலில் நிமிர்ந்து நின்றான். தெரியாதவர் பார்த்தால் நன்றாக ஓட்டுகிறான் என்றுதான் சொல்வார்.

"பத்திரமா கூட்டிட்டு வந்துட்டீங்கண்ணே. நேத்துதான் நல்லாத் தூங்கினேன்." போனைப் பைக்குள் வைத்தவள், தயங்கிக் கேட்டாள். "இனிமே கடலுக்குப் போகணும்னு கேக்க மாட்டாங்கல்ல?"

"கேக்க மாட்டான்மா" என்றேன்.