இருமல் வரட்டும் என்று வேண்டியவள்

பாலக்கோடு தக்காளி மண்டியில் அன்பரசியை ஏமாற்றிவிட்டுப் போகும் ஆள் இனிமேல்தான் பிறக்க வேண்டும். கூடையின் மேலே நல்ல பழத்தைப் பரப்பி அடியில் அடிபட்டதை ஒளித்தால், கையை ஆழ விட்டு எடுத்து, கொண்டுவந்தவர் முகத்துக்கு நேரே நீட்டிவிடுவாள். அப்படிப்பட்டவளை ஐந்து வயது மகள் வெண்மதியின் இருமல் ஆட்டிப்படைத்தது. சாப்பிட்டுப் படுத்தால் இருமல், இருமினால் வாந்தி. பிள்ளை ஈர்க்குச்சியாக இளைத்துவிட்டாள்.

அவர்கள் ஊர்ப்பக்கம் பிள்ளை வாந்தி எடுத்தால் முதலில் ஓடுவது தொக்கம் எடுப்பவரிடம். வயிற்றில் ஏதோ சிக்கியிருக்கிறது என்று குழல் வைத்து ஊதி, ஒரு துணுக்கை எடுத்துக் காட்டி அனுப்புவார்கள். அன்றைக்குப் பிள்ளை தெளிவாக இருக்கும். மறுநாள் அதே கதை.

கடைசியில் சேலத்தில் ஒரு குழந்தைகள் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். "இருமல் நுரையீரல்ல இருந்து வருதா, வயித்து ஆசிட் மேல ஏறி வருதான்னு மொதல்ல தெரியணும்" என்றார் டாக்டர் அமுதவல்லி. மயக்க மருந்து கொடுத்து உணவுக்குழாயை கேமராவில் பார்த்துவிட்டு, அந்த மயக்கத்திலேயே மூக்கு வழியாக நூல்போல ஒரு குழாயையும் வைத்தார்கள். மறுநாள் காலைவரை அது உள்ளேயே இருந்து, ஆசிட் மேலே ஏறும்போதெல்லாம் இடுப்பில் கட்டிய சின்னப் பெட்டியில் பதியவைக்கும். பிள்ளை இருமினால் பெட்டியின் பட்டனை அமுக்குவது அம்மாவின் வேலை.

மயக்கம் தெளிந்த வெண்மதி இரண்டு மடக்குத் தண்ணீர் குடித்துவிட்டுச் சுருண்டு படுத்தாள். இருமவில்லை. மத்தியானம் தாண்டியும் இருமவில்லை. அன்பரசிக்கு உடம்பு சிலிர்த்தது. குழாய் விட்டார்கள், சிக்கியிருந்ததை எடுத்துவிட்டார்கள், இருமல் நின்றது. அவளுக்குத் தெரிந்த வைத்தியம் அவ்வளவுதான். மூக்கு உறுத்துகிறது என்று பிள்ளை அழுததும், குழாயை ஒட்டியிருந்த பிளாஸ்திரியின் ஓரத்தை அவளே நகத்தால் நெம்பத் தொடங்கிவிட்டாள். நல்ல வேளையாக அமுதவல்லி உள்ளே வந்தார்.

"சரியாயிருச்சுங்க மேடம். இதைக் கழட்டி வுட்டுருங்க, வூட்டுக்குப் போறோம்."

"அவசரப்படாதீங்க அன்பரசி. பாப்பா முழிச்சுட்டா, ஆனா வயிறும் தொண்டையும் இன்னும் முழுசா முழிக்கல. சாப்பிடவும் இல்ல, ஓடவும் இல்ல. மயக்கம் குடுத்த மொதல் சில மணி நேரம் காட்டறதை அப்படியே நம்ப முடியாதுங்க. இப்ப கழட்டினா ஒண்ணுமே இல்லன்னு ஆயிடும். நோய் அப்படியே இருக்கும். வீட்ல சாப்பிடறதையே குடுங்க, ஓட விடுங்க."

அன்பரசி பிள்ளையின் வயிற்றில் கை வைத்துப் பார்த்தாள். ஆள் எழுந்து உட்கார்ந்த பிறகும் வயிறு தனியாகத் தூங்குமா? தானே பெற்று, தானே சோறூட்டி வளர்த்த உடம்புக்குள் இப்படியும் ஒன்று நடக்கிறதே என்று மலைத்துப் போனாள்.

சாயங்காலம் தோசையும் தக்காளிச் சட்னியும் வாங்கி வந்தாள். வெண்மதி வயிறாரச் சாப்பிட்டு, பெட்டி குலுங்க வராந்தாவில் ஓடினாள். அப்புறம் படுத்தாள். அன்பரசி பட்டன் மேல் விரலை வைத்து உட்கார்ந்தாள். இந்த இருமல் நிற்க வேண்டும் என்று முனியப்பனுக்கு எத்தனையோ நேர்ந்துகொண்டவள், இன்றைக்கு மட்டும் வரட்டும் சாமி என்று வேண்டினாள். பெற்றவள் வேண்டுகிற வேண்டுதலா இது?

இருமல் வந்தது. பட்டனை அமுக்கினாள். கண்ணீர் முட்டியது, விரல் மட்டும் தவறவில்லை.

காலையில் குழாயைக் கழற்றிவிட்டு, பெட்டியில் பதிந்ததை அமுதவல்லி கம்ப்யூட்டரில் காட்டினார். மயக்கம் தெளிந்த பொழுதில் கோடு அசையாமல் கிடந்தது. சாயங்காலத்துக்குப் பிறகு, ஆசிட் ஏறும்போதெல்லாம் குப்புற விழுந்து விழுந்து எழுந்தது. ஒவ்வொரு விழுதலுக்கும் பக்கத்திலேயே அன்பரசி அமுக்கிய பட்டனின் அடையாளம்.

"ஆசிட் மேல ஏறி நெஞ்சு எரியுது, பின்னாடியே இருமல் வருது. இதுக்கு வைத்தியம் இருக்குதுங்க."

கண்ணுக்குத் தெரியாத ஒன்று தன் கண்முன்னே இப்படித் தெரியும் என்று அன்பரசி கனவிலும் நினைக்கவில்லை. மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"இத்தன தடவையா கண்ணு நெஞ்சு எரியுது உனக்கு?"

"ஆமாம்மா."

"அம்மாகிட்டச் சொல்லவே இல்லியே?"

வெண்மதி அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டு சொன்னாள்: "எல்லாருக்கும் அப்படித்தான் எரியும்னு நெனச்சேன்மா. உனக்கு எரியாதா?"