இடதுபக்க ஹெட்லைட்டுக்குள் தண்ணீர்

சேற்றில் மாட்டிக்கொள்வதற்கென்றே வண்டி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். நல்ல தார்ச்சாலை அவர்கள் வீட்டு வாசல்வரை வந்து நிற்கும். அதைக் கண்டாலே அவர்களுக்கு ஆகாது. ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் கிளப் என்ற பெயரில் பத்துப் பேர் கூட்டமாகக் கிளம்பி, ஓர் ஏரிக்குள் இறங்கி, ஒருவரை ஒருவர் கயிறு கட்டி இழுத்து, முகமெல்லாம் சேறாகத் திரும்பி வருவார்கள். திங்கட்கிழமை காலை அவர்களுடைய வண்டிகள் பெருமையாக நிற்கும். ஹெட்லைட்டுகள் மட்டும் அழுத கண்ணாக இருக்கும்.

அந்தக் கண்களைத் துடைக்கிறவரைத்தான் கிளப்காரர்கள் 'கண் டாக்டர்' என்று அழைத்தார்கள். பட்டம் கொடுத்தவர்களும் படித்தவர்கள் இல்லை, வாங்கினவரும் இல்லை. அதனால் சண்டை வரவில்லை.

டாக்டருடைய ஆஸ்பத்திரி வீட்டின் முன்பக்கத்துத் தகரக் கொட்டகை. ஒரு நீள மேசை, ஒரு பிளாஸ்டிக் வாளி, முடி உலர்த்தும் மெஷின் இரண்டு, கேக் செய்வதற்காக மனைவி வாங்கிய ஓவன் ஒன்று. அந்த ஓவனில் இதுவரை ஒரே ஒரு கேக் வெந்தது. அதற்குப் பிறகு ஹெட்லைட்டுகள்தான் வெந்துகொண்டிருந்தன.

வேலை இதுதான். லென்ஸையும் பின்பக்கக் கூட்டையும் ஒட்டியிருக்கும் கறுப்புப் பசை இளகும்வரை லைட்டை ஓவனில் வைக்க வேண்டும். ஸ்க்ரூடிரைவரில் துணி சுற்றி, ஓரமாக நெம்பி, லென்ஸைக் கழற்ற வேண்டும். உள்ளே இருக்கும் சேற்றைத் தண்ணீர் ஊற்றியே கரைத்து எடுக்க வேண்டும். தேய்த்தால் கண்ணாடிப் பூச்சு கையோடு வந்துவிடும். பிறகு உலர்த்தி, புதுப் பசை வைத்து அழுத்தி மூட வேண்டும். மூடும்போது கடைசி மூலையில் டாக்டர் தன் வலது கட்டைவிரலை அழுத்துவார். சின்ன வயதில் பிளேடு கீறி, அந்த விரலின் குறுக்கே பிறை மாதிரி ஒரு தழும்பு. அதுவும் பசையில் பதியும். கையெழுத்து என்றெல்லாம் அவர் நினைக்கவில்லை. பழக்கம், அவ்வளவுதான்.

இன்னொரு சங்கதி. ஒவ்வொரு ஹெட்லைட்டுக்கும் பின்னால் ஒரு சின்னக் காற்றுத்துளை உண்டு. டாக்டர் அதை 'மூக்கு' என்பார். லைட் எரிந்தால் உள்ளே காற்று சூடாகி அந்த வழியாக வெளியே போகும், ஆறினால் அந்த வழியாகவே திரும்பி வரும். தண்ணீர் வந்துவிடுமே என்று சிலர் அதை அடைத்துவிடுவார்கள். அடைத்தால் ஆபத்து அதிகம். கொதிக்கிற லைட் குளிர்ந்த தண்ணீரில் இறங்கினதும், உள்ளே இருக்கும் காற்று சட்டென்று சுருங்கும். மூக்கு இல்லாததால் எந்தச் சின்ன இடுக்கு கிடைக்கிறதோ அந்த வழியாக ஆற்றையே உறிஞ்சிவிடும். பல்ப் வெடிக்கும். வருகிற எல்லாரிடமும் டாக்டர் இதைச் சொல்லுவார்.

அப்படிச் சொல்லுகிறவர் வாழ்நாளில் ஒரே ஒரு தடவை மூக்கை அடைத்திருக்கிறார். மாப்பிள்ளையின் ஜீப்புக்கு.

மாப்பிள்ளை என்றால் தங்கை புருஷன். ஆற்றுக்கு அக்கரையில் இருந்த கல்குவாரிக்கு ஆள் ஏற்றிப் போகிற ஜீப் அவனுடையது. தரைப்பாலத்தில் முட்டளவு தண்ணீர் ஓடினாலும் இறங்கிவிடுவான். "மச்சான், மாசம் ஒருக்கா லைட்டக் கழட்டி உங்க கையில குடுக்குறதுக்கு நான் என்ன கண்ணு தெரியாத குதிரையா வெச்சிருக்கேன்? ஒரு சொட்டு உள்ள போகக்கூடாது. அடைச்சுடுங்க" என்றான். தங்கையும் பக்கத்தில் நின்று சிரித்தாள். டாக்டர் கூடாது என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். மூன்றாவது தடவை, பிடித்த மனிதன் கேட்கிறானே என்று அடைத்தார். அசிங்கமாகத் தெரியக்கூடாதென்று வெளியே துளையைச் சுற்றியிருந்த ரப்பர் வளையத்தை அப்படியே விட்டு, இரண்டு லைட்டையும் உட்பக்கத்திலிருந்து பசையால் அடைத்தார்.

அடுத்த மழையில் ஒரு சாயங்காலம், குவாரி ஆட்களை ஏற்றி வர மாப்பிள்ளை தனியாகக் கிளம்பினான். ஆறு பெருகியிருந்தது. பன்னிரண்டு நாள் தேடினார்கள். ஒரு டயர்கூட அகப்படவில்லை.

ஒன்றும் அகப்படாதபோது ஊர் ஒரு கதையை எடுத்துக்கொடுக்கும். ஜீப்பை விற்றுவிட்டு யாரோடோ ஓடிவிட்டான் என்றது. ஓடிப்போன மாப்பிள்ளை எல்லாருக்கும் வசதியாக இருந்தான். தங்கைக்கு வசதி, ஓடினவன் திரும்பி வருவான். டாக்டருக்கு அதைவிட வசதி. "அவன் போக்கே ஒரு மாதிரிதாம்மா" என்று முதல் ஆளாகத் தலையாட்டினவர் அவர்தான்.

தங்கை அண்ணன் வீட்டுப் பின்னறைக்கு வந்து பதினொரு மாதம் ஆயிற்று. மாதா மாதம் புருஷனுடைய செல்போன் நம்பருக்குத் தவறாமல் ரீசார்ஜ் செய்தாள், கம்பெனிக்காரன் நம்பரை வேறு யாருக்காவது கொடுத்துவிடக் கூடாதல்லவா. தினமும் ஒரு தடவை போட்டுப் பார்ப்பாள். நீங்கள் அழைக்கும் எண் தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறது என்று ஒரு பெண் சொல்லுவாள். "பாவம், இவளும் ஒரு நாள்கூடச் சலிச்சுக்கல அண்ணி" என்று தங்கை போனை வைப்பாள். புருஷன் வாசல்படி மிதித்ததும் கேட்பதற்கென்று ஒரு பட்டியலே வைத்திருந்தாள். பாத்திரம் துலக்கும்போது அதை முணுமுணுப்பாள். நாளுக்கு நாள் அது நீண்டுகொண்டே போனது. அவள் சாப்பிடுவதும் தூங்குவதும் அந்தச் சண்டைக்காகத்தான் என்று வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

அந்த நிலைமையில்தான் தலைப்பாகை கட்டின மாதிரி எப்போதும் தொப்பி போட்டுவரும் கிளப்காரர் ஒருவர், பழைய இடதுபக்க ஹெட்லைட் ஒன்றைக் கொண்டுவந்தார். உள்ளே பாதியளவு தண்ணீர். டாக்டர் அவசரத்துக்குப் பின்பக்க மூடியைக் கழற்றி, கவிழ்த்துக் கொட்டி, சூடான காற்று விட்டு உலர்த்திக் கொடுத்தார். நான்காம் நாள் திரும்பி வந்தது. அதே பாதியளவு. மறுபடியும் கொட்டினார். ஒரு வாரத்தில் மூன்றாம் முறை வந்தது.

"எந்தக் குளத்துல முக்கி எடுத்தீங்க சார்?"

"டாக்டர், இதை இன்னும் வண்டியில மாட்டவே இல்ல. வீட்டு அலமாரியில இருக்கு. என் பொண்டாட்டி புடவை மேல சொட்டி, நான் ராத்திரி சோபாவுல படுத்தேன்."

"எங்க வாங்குனீங்க?"

"பழைய இரும்புக் கடையில. ஆத்துல மணல் அள்ளுறவங்க கொண்டுவந்து போட்டாங்களாம். விளக்குலகூட மணல் இருந்துச்சுன்னு கடைக்காரர் சிரிச்சார்."

டாக்டர் சிரிக்கவில்லை. தண்ணீரைக் கிண்ணத்தில் கொட்டினார். அடியில் ஒரு கரண்டி சேறு தங்கியது. சேற்றைப் பார்த்தே வண்டி எங்கே போயிற்று என்று சொல்லுகிறவர் அவர். சிவப்பாக இருந்தால் குவாரிப் பாதை, கறுப்பாக இருந்தால் ஏரி. இது சாம்பல் நிறம். விரலில் மாவு மாதிரி வழுக்கியது, காய்ந்ததும் மினுக்கியது. தரைப்பாலத்துக்குக் கீழே மட்டும் கிடக்கிற சேறு. கிளப்காரர்கள் எட்டிக்கூடப் பார்க்காத இடம்.

"வெச்சுட்டுப் போங்க சார். கண்ணைத் திறந்துதான் பார்க்கணும்."

மறுநாள் காலை லைட்டை ஓவனில் வைத்தார். பசை இளகியது. லென்ஸ் எந்த முரண்டும் பண்ணாமல், கதவு திறக்கிற மாதிரி வந்துவிட்டது. கடைசி மூலையில் பசை அழுந்தியிருந்தது. கட்டைவிரல் அடையாளம், குறுக்கே பிறை. மூக்கின் உட்புறத்தைப் பார்த்தார். உருட்டி வைத்த பசை அப்படியே இருந்தது. பல்ப் இருந்த இடத்தில் உடைந்த கண்ணாடி ஒரு துண்டு.

அந்த இடத்தில் ஒரு மனிதன் என்ன செய்ய வேண்டும் என்று நமக்கெல்லாம் நன்றாகத் தெரியும். நாம் அந்த இடத்தில் இல்லை. டாக்டர் கொட்டகைக் கதவைச் சாத்தினார். லைட்டைக் கழுவினார், சருகு மாதிரி உலர்த்தினார். மூக்கின் அடைப்பைத் தொடாமல், லென்ஸைத் திரும்ப வைத்து, பசை போட்டு மூடினார். கட்டைவிரலை மட்டும் இந்தத் தடவை வைக்கவில்லை. நாளைக்குக் கிளப்காரரிடம் கொடுத்துவிட்டால் போய்விடும். போகட்டும்.

லைட்டை அலமாரியில் வைத்தார். சாயங்காலம் ஐந்தேகாலுக்கு மேற்குப் பக்கத்து வெயில் தகரச் சந்து வழியாக வந்து அதன்மேல் விழுந்தது. லென்ஸின் உள்பக்கம் மெல்ல மெல்ல வெளுத்தது, யாரோ வாயைக் கிட்டவைத்து மூச்சு விட்ட மாதிரி. உலர்த்தி மூடி ஐந்து மணி நேரம்கூட ஆகாத லைட். டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். வெளுப்புக்குள் ஒரு கோடு விழுந்தது. கீழே இடது ஓரத்தில் தொடங்கி, வளைந்து, மேலே வலதுபக்கம் ஏறியது. தண்ணீர்த் துளி கீழேதான் இறங்கும். இது உள்ளங்கையின் ஓரத்தால் துடைத்த மாதிரி மேலே ஏறியது. துடைத்தது உள்ளேயிருந்து.

"அண்ணா, டீ."

தங்கை பின்னால் நின்றாள். எவ்வளவு நேரமாக நின்றாள் என்று தெரியவில்லை. லைட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வைப்பர் ஓடலன்னா அவர் இப்படித்தான் கண்ணாடியைத் துடைப்பார். துணி வெச்சுக்கோங்கன்னு நூறு தடவை சொல்லியிருப்பேன்" என்றாள் சாதாரணமாக. பிறகு டம்ளரை மேசையில் வைத்தாள். "யாரோட லைட்டு இது?"

"கிளப்காரரோடது" என்று சொல்ல வாய் திறந்தார். பொய்யும் இல்லை. லென்ஸில் கோடு அப்படியே இருந்தது. துடைத்த இடத்துக்குப் பின்னால் இருட்டாக இருந்தது, ஒரு ஹெட்லைட்டுக்குள் இருக்க வேண்டியதைவிட ஆழமாக.

"மாப்பிள்ளையோடது" என்றார்.

எல்லாவற்றையும் சொன்னார். சேறு, பிறைத் தழும்பு, மூக்கு, அடைத்தது, அடைத்தால் என்ன ஆகும் என்பது. தங்கை அழவில்லை. நடுவில் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அப்ப தண்ணிக்கு நடுவுல வெளிச்சம் போயிருக்கும்?"

"போயிருக்கும்மா."

"இதைப் பதினொரு மாசமா தெரிஞ்சு வெச்சுட்டு, அவர் ஓடிட்டார்னு என்கிட்ட நீயும் சொன்ன."

அடைக்கச் சொன்னது அவன்தான் என்ற பதில் டாக்டருக்குத் தொண்டைவரை வந்தது. தங்கை அதை அவர் முகத்திலேயே படித்துவிட்டு, "அவர் ஆயிரம் கேட்பார். மூக்கைப் பத்தித் தெரிஞ்சவன் நீதான்" என்றாள். லைட்டைக் குழந்தை மாதிரி இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு பின்னறைக்குப் போய்த் தாழ்ப்பாள் போட்டாள்.

சற்று நேரத்தில் உள்ளேயிருந்து குரல் கேட்டது. பட்டியல்தான். ஒன்று விடாமல், வரிசை மாறாமல். சொல்லாமல் குடித்த சிகரெட்டுகள், அவள் அம்மா வந்தபோது முகம் கொடுத்துப் பேசாதது, மழை வருகிறது போகாதீங்க என்று சொன்னபோது ஹாரன் அடித்துக் காட்டியது. டாக்டரும் மனைவியும் கதவுக்கு வெளியே நின்றார்கள்.

"யார்கூடப் பேசறா?" என்றாள் மனைவி.

"கிளப்காரர் லைட்டுகூட."

"அது சரி" என்றாள் மனைவி. உள்ளே தங்கை அவ்வப்போது நிறுத்தினாள். நிறுத்தி, எதிராளி பேசி முடிக்கிற அளவுக்கு நேரம் விட்டு, "அதெல்லாம் சாக்கு" என்று மறுபடி ஆரம்பித்தாள்.

ஒரு மணி நேரம் ஆயிற்று. குரல் தணிந்தது. கடைசியில் ஒரு சின்னச் சத்தம், பாட்டில் மூடி திறக்கிற மாதிரி. அதைத் தொடர்ந்து ஒரு நீண்ட பெருமூச்சு. அது தங்கையினுடையதுதான் என்று டாக்டர் இன்றுவரை சாதிக்கிறார். மனைவி ஒத்துக்கொள்வதில்லை. கதவுக்கு அடியிலிருந்து சாம்பல் நிறத் தண்ணீர் மெல்ல வெளியே வந்து, டாக்டரின் கால்விரலைத் தொட்டு, அங்கேயே நின்றது.

கதவு திறந்தது. தங்கையின் கையில் கொண்டை ஊசி, அதன் நுனியில் கறுப்புப் பசை உருண்டை. மூக்கு வழியாகக் குத்தி எடுத்திருந்தாள். லைட் கட்டிலின்மேல் சுத்தமாக, காய்ந்து, வேறு எந்தப் பழைய லைட்டையும் போல இருந்தது. அதற்கப்புறம் அது வெளுக்கவே இல்லை.

கிளப்காரருக்கு டாக்டர் வேறொரு லைட் கொடுத்தார். அதில் என்னதான் கோளாறு என்று அவர் கேட்டபோது, "மூக்கடைப்பு சார்" என்றார். கிளப்காரர் விழுந்து விழுந்து சிரித்தார்.

தங்கை அந்த மாதம் ரீசார்ஜ் செய்யவில்லை. அண்ணனோடு ஏழு வாரம் பேசவும் இல்லை. எட்டாவது வாரம் டீ கொண்டுவந்தாள். கொண்டை ஊசியை மேசையில் வைத்து, "இதுல குத்திப் பார்த்துட்டு மூடு" என்றாள்.

இப்போதெல்லாம் டாக்டர் எந்த லைட்டை மூடும் முன்பும் மூக்கில் கொண்டை ஊசியை விட்டுப் பார்த்து, வாயை வைத்து ஒரு தடவை ஊதுகிறார். பிறகு காதை வைத்துக் கொஞ்ச நேரம் கேட்கிறார். டாக்டர் என்ற பெயரைக் காப்பாற்றுவதற்காக என்று கிளப்காரர்கள் கேலி செய்கிறார்கள். அவர் மறுப்பதில்லை. மாப்பிள்ளை ஜீப்பின் வலதுபக்க லைட் இன்னும் அகப்படவில்லை என்பதை அவர்களிடம் எதற்குச் சொல்ல வேண்டும்.