மூன்று தட்டு

நம்ப மாட்டீர்கள், தெரியும். வேறு யாராவது சொல்லியிருந்தால் நானே சிரித்திருப்பேன். ஆனால் போன டிசம்பரில், ஹட்டனுக்கு மேலே, மூடிப்போன ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் இது எனக்கு நடந்தது.

அங்கே இப்போது தேயிலை இல்லை. அலுமினியத்துக்குள் பீங்கான் இழை வைத்து, சூடாக்கி, அச்சில் அழுத்தி, பம்புகளுக்குத் தண்டு செய்கிறோம். அந்தத் தண்டுகளை 160 பாகைச் சூட்டில் எட்டு மணி நேரம் வைத்தால்தான் உறுதி ஏறும். அதற்கு ஆள் நுழையும் உயரத்தில் ஒரு மின்சார அடுப்பு. முன்பு தேயிலை காயவைக்கும் இயந்திரம் நின்ற அதே இடம்.

அந்த இயந்திரத்தின் வழக்கமும் ஒட்டிக்கொண்டது. கதவைச் சாத்தியதும் வெளியே இருப்பவர் மூன்று தட்டுவார். உள்ளே ஆள் இருந்தால் மூன்று தட்டிப் பதில் சொல்ல வேண்டும். பதில் வராவிட்டால்தான் சுவிட்ச்.

அன்று பௌர்ணமிப் போயா விடுமுறை. நானும் என்னோடு அடுப்பில் வேலை செய்யும் வீரய்யா அண்ணனும் மட்டும். அவர் தேத்தண்ணி குடிக்கப் போயிருந்தார். மாலை 4.10. சூட்டை அளக்கும் கம்பியைக் கட்ட, அடுப்பின் கடைசி அடுக்கு வரை போனேன்.

டமால்.

கதவு சாத்தப்பட்டது. கும்மிருட்டு. உள்பக்கம் கைப்பிடி கிடையாது.

"அண்ணே!"

டொக்... டொக்... டொக்.

அப்பாடா! போன உயிர் திரும்பியது. மூன்று தட்டினேன்.

திறக்கவில்லை.

விசிறி சுற்றியது. அனல் முகத்தில் அடித்தது. செத்தேன் என்றே நினைத்தேன்.

டொக்... டொக்... டொக்.

தட்டினேன். கத்தினேன்.

டொக்... டொக்...

பக்கத்தில்...

டொக்.

தட்டினேன்.

கதவு திறந்தது. வெளிச்சம். கடிகாரத்தில் 4.19.

"ஐயோ தனுஷிகா! உள்ளயா புள்ள இருந்த? தட்டுனேனே, பதிலே வரலையே!"

"அப்ப ஏன் தொறந்தீங்க?"

"வெளிய ஒன் சுவெட்டரு தொங்குச்சு. இந்தக் குளிருல அத விட்டுட்டு எங்க போவ?"

"எத்தன தடவ தட்டுனீங்க?"

"ஒரே தடவதான்."

மறுநாள் சோதித்தோம். அண்ணன் உள்ளே நின்றார். நான் வெளியே நின்று, கை ஓயும்வரை சுத்தியலால் அடித்தேன். அவருக்கு எதுவுமே கேட்கவில்லை. பழைய இயந்திரம் வெறும் தகரம். இந்த அடுப்பின் சுவருக்குள் ஒரு சாண் தடிப்புக்குக் கண்ணாடிப் பஞ்சு அடைத்திருக்கிறது. வெளியே தட்டினால் உள்ளே கேட்காது.

நான் கேட்டது உள்ளேயிருந்து.

உள்ளே ஆள் இருக்கிறதா என்று அது மூன்று முறை கேட்டது. மூன்று முறையும் நான் இருக்கிறேன் என்று பதில் சொல்லியிருக்கிறேன்.