அக்காவின் இறால் தொக்கு, பதினொரு வரிகளில்

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது இருபதுக்கு நெல்லித்தோப்பில் என் மகள் வீட்டுச் சமையலறைக்குள் நுழைந்தபோது முதலில் கண்ணில் பட்டது, ஃபிரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து நிறுத்தியிருந்த ஒரு வெள்ளைத் தாள். அதில் பதினொரு வரிகள் இருந்தன. பதினொன்றும் நான் எழுதியவை. எழுத்துப் பிழை ஒன்றும் இல்லை என்பதை நின்ற இடத்திலிருந்தே கவனித்துக்கொண்டேன்.

அது என் அக்காவின் இறால் தொக்கு. எங்கள் குடும்பத்தில் யார் வீட்டில் விருந்து என்றாலும் முதலில் வழித்துத் துடைக்கப்படும் பாத்திரம் அதுதான். செய்முறை கேட்டு குடும்ப வாட்ஸ்அப் குழுவில் எல்லோரும் நச்சரித்ததில், முதலியார்பேட்டையிலிருந்து ஏழு நிமிடம் நாற்பது விநாடிக்கு ஒரு குரல் பதிவு அனுப்பினாள். அதில் இறால் வந்தது இரண்டு நிமிடம் இருக்கும். மீதியில் மொட்டை மாடியில் காயும் துணி, எதிர் வீட்டுத் தண்ணீர் மோட்டார், அத்தான் எத்தனை மணிக்கு வருவார் என்ற விவரம்.

முப்பது வருடம் பத்திரிகை அலுவலகத்தில் உட்கார்ந்து மற்றவர்கள் எழுதியதைச் சுருக்கியவன் நான். ஏழு நிமிடப் பேச்சைச் சும்மா விட மனசு வரவில்லை. மொத்தம் எவ்வளவு நேரம் ஆகும் என்று போனில் கேட்டேன். நாற்பது நிமிடம் என்றாள். துணியை எடுத்தேன், மோட்டாரை எடுத்தேன், அத்தானை எடுத்தேன். பதினொரு வரியில் முடித்துக் குழுவில் போட்டேன். கட்டை விரல்கள் வரிசையாக வந்து விழுந்தன. ஃபிரான்சில் இருக்கும் சித்தப்பா மகன் ‘மெர்சி அண்ணா’ என்று பிரெஞ்சில் நன்றி சொன்னான். அக்கா மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. அவள் குழுவில் வரும் பேச்சைக் கேட்பாள், எழுத்தைப் படிக்க மாட்டாள்.

அந்தத் தாளை நம்பித்தான் என் மகள் அன்று பதினொரு பேருக்குச் சமைக்க இருந்தாள். அவள் வாழ்க்கைப்பட்டது வீராம்பட்டினத்துக் குடும்பத்தில். அவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு: மாதத்தின் முதல் ஞாயிறு, முறை வைத்து ஒரு வீட்டில் சமையல், எல்லோருக்கும் அங்கேதான் மத்தியானச் சாப்பாடு. மகளுக்கு இது முதல் முறை. மூத்த மருமகள் தன் முதல் முறையில் பொரித்த மீன் சட்டியிலேயே உதிர்ந்துவிட்டது. யாரும் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. ‘நீ வேலைக்குப் போற பொண்ணு, உனக்கு எதுக்கும்மா சிரமம்’ என்று அன்பாகச் சொல்லி முறைப் பட்டியலிலிருந்து அவள் பெயரை எடுத்துவிட்டார்கள். நாலு வருடமாக அந்தப் பெண் மற்றவர்கள் முறைக்கு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருக்கிறாள். மகளுக்கு அந்த அன்புதான் பயம்.

மகள் கதிர்காமத்தில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். எழுதியிருப்பதை எழுதியபடி செய்து பழகியவள். தாளின் ஐந்தாவது வரி, மசாலாவில் இறாலைச் சேர்க்கவும் என்றது. ஆறாவது வரி, மூடி வைத்துச் சிறு தீயில் நாற்பது நிமிடம் என்றது. பதினொன்று எட்டுக்கு இரண்டு கிலோ இறாலையும் சட்டியில் போட்டாள். போனில் நாற்பது நிமிடத்துக்கு டைமர் வைத்தாள்.

பதினொன்று முப்பத்தாறுக்கு சித்தப்பா மகனிடமிருந்து செய்தி வந்தது: ‘அண்ணா, நேத்து நைட் செஞ்சேன். ருசி சூப்பர். எறா மட்டும் ரப்பர்.’

ஃபிரான்ஸ் இறாலைக் குறை சொல்லத்தான் எனக்கு முதலில் தோன்றியது. மகள் மூடியைத் திறந்தாள். இறால்கள் சட்டைப் பொத்தான் அளவுக்குச் சுருண்டிருந்தன. ஒன்றை எடுத்து மென்றாள். வெகுநேரம் மென்றாள். பிறகு எனக்கு ஒன்று கொடுத்தாள். டைமரில் இன்னும் பன்னிரண்டு நிமிடம் ஓடிக்கொண்டிருந்தது.

அக்காவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன்.

“நாப்பது நிமிஷமா? எறா என்னடா ஆட்டுக்காலா?” என்றாள். “மசாலா அடுப்புல கெடக்கும், நான் மாடிக்குப் போயி துணி எடுத்து மடிச்சு வெச்சிட்டு வருவேன். உங்க அத்தான் வண்டி தெரு முனைல திரும்புற சத்தம் கேக்கும். அப்பதான் எறாவ போடணும். அவரு கை கால் கழுவிட்டு வந்து உக்கார்றதுக்குள்ள வெந்துடும். அம்மாந்தூரம் சொன்னேனே.”

“அதை எடுத்துட்டேன்கா.”

“எதுக்குடா எடுத்த?”

முப்பது வருடத்தில் இந்தக் கேள்வியை யாரும் என்னிடம் இவ்வளவு நேராகக் கேட்டதில்லை. இடம் பத்தாது என்று வழக்கமாகச் சொல்லும் பதில் இங்கே பொருந்தவில்லை. போனை மகளிடம் கொடுக்கச் சொன்னாள். கொடுத்தேன்.

அடுத்த ஒரு மணி நேரம் அக்கா முதலியார்பேட்டையிலிருந்து போனிலேயே சமைத்தாள். மாப்பிள்ளை முட்டை வாங்கக் கடைக்கு ஓடினார். இறாலை மசாலாவிலிருந்து அரித்து எடுத்து, மிக்ஸியில் கொரகொரப்பாக அரைத்து, பொட்டுக்கடலை மாவு, சின்ன வெங்காயம், சோம்பு, பச்சை மிளகாய் போட்டுப் பிசைந்து வடையாகத் தட்டினாள் மகள். சட்டியில் மீந்த மசாலாவில் அவித்த முட்டை இறங்கியது. இறால் வாசனை அதில் போதுமான அளவு இருந்தது. எனக்கு ஒதுக்கப்பட்ட வேலை இருபத்திரண்டு முட்டைக்கு ஓடு உரிப்பது. எதையும் சுருக்க வாய்ப்பில்லாத வேலை.

பன்னிரண்டு ஐம்பதுக்கு சம்பந்தி வீட்டார் வந்தார்கள். ஒன்றே காலுக்கு இலை போட்டோம். சம்பந்தியம்மா மீன் விற்றுக் குடும்பத்தை நிமிர்த்தியவர். வடையில் ஒரு வாய் கடித்தார். மெல்லுவதை நிறுத்தினார்.

“இந்த எறா ரெண்டு தரம் வெந்திருக்குது,” என்றார்.

மாப்பிள்ளை சோற்றைப் பார்த்தார். எங்கள் வீட்டுப் பக்குவமே இப்படித்தான் என்று ஒரு வாக்கியத்தை நான் மனதுக்குள் தயாராக, நேர்த்தியாக அமைத்து வைத்திருந்தேன். மகள் எனக்கு இடம் தரவில்லை.

“ஆமா அத்தை. தொக்குதான் போட்டேன், ரப்பராயிடுச்சு. அரைச்சு வடையா சுட்டுட்டேன்.”

யார் சொல்லிக் கொடுத்தது என்று சம்பந்தியம்மா கேட்டார். மகள் ஃபிரிட்ஜைக் காட்டினாள். மாப்பிள்ளை எழுந்து போய் பதினொரு வரிகளையும் சத்தமாகப் படித்தார். ஆறாவது வரியில் பந்தி முழுவதும் சிரித்தது. வெங்காயம் நறுக்கும் மூத்த மருமகள்தான் அதிகம் சிரித்தாள்.

“எழுதுனவரு எறாவ பேப்பர்லதான் பாத்திருப்பாரு போல,” என்றார் சம்பந்தியம்மா, என் பக்கம் திரும்பாமல். சொல்லிவிட்டு இரண்டாவது வடைக்குக் கை நீட்டினார். மூன்றாவதைக் கேட்காமலேயே எடுத்துக்கொண்டார். சின்னப் பெண்கள் தட்டோடு சமையலறைக்குள் போய்த் திரும்பி வந்து, தீர்ந்துபோச்சு என்றார்கள்.

கை கழுவிய பிறகு சம்பந்தியம்மா வடைக்குப் பக்குவம் கேட்டார். போனில் பேசி அனுப்பச் சொன்னார். மகள் பால்கனியில் நின்று பதிவு செய்தாள். ‘மொதல்ல எறாவ அரை மணி நேரம் அடுப்புல வெச்சு கெடுத்துக்கணும்’ என்று ஆரம்பித்தாள். அந்த வரி அவசியமா என்று மெதுவாகக் கேட்டேன்.

“அப்பா, நீங்க எதையும் எடுக்க வேணாம்,” என்றாள். அந்தப் பேச்சும் பதிவில் சேர்ந்து போய்விட்டது.

மாலை ஐந்தேகாலுக்கு அவர்கள் குடும்பக் குழுவில் அடுத்த ஆறு மாதத்துக்கான முறைப் பட்டியல் வந்தது. மாப்பிள்ளை என்னிடம் போனை நீட்டினார். கடைசி வரியில், டிசம்பருக்கு நேராக, என் மகள் பெயர் இருந்தது.