சிவப்புக் கல்லுச் சாமி

எல்ஸி சிரித்தால் ரோட்டுக்கு அந்தப் பக்கம் கேட்கும். குரலும் சளைத்ததல்ல. பொதுச் சாலையோரம் எந்த ஆலை குழாய் பதித்தாலும், ஆழம் சரியா, மேலே அடையாளக் கல் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் மாவட்ட மன்றத்தில் அவள் வேலை. மண்வாரி ஓட்டுகிறவர்களிடம், "குழாய் இருக்கு, தள்ளி வெட்டுங்க லா" என்று கத்திக் கத்தியே பாதித் தொண்டை போய்விட்டது.

அவள் அம்மா ரப்பர் பாலுக்காகப் பால்மரம் வெட்டிய தோட்டத்தில் இப்போது செம்பனை நிற்கிறது. எண்ணெய் ஆலையின் கழிவுநீர்க் குழாயும் அந்த ரோட்டோரமாகத்தான் போகிறது. அன்று அங்கே போய் இறங்கியவள் அசந்து நின்றாள். ஆலைக்காரர்கள் குழாய்க்கு அடையாளமாக நட்ட சிவப்புக் கல்லுக்கு மஞ்சள் துணி, குங்குமம், எலுமிச்சை மாலை! போகிற மோட்டார்சைக்கிள் எல்லாம் ஹாரன் அடித்துக் கும்பிட்டுப் போயின.

கல்லுக்கு எதிர்வீட்டு லோரிக்கார உடையப்பன் கட்டிவிட்ட சாமி அது. பிரேக் பிடிக்காத அவர் லோரி அந்தக் கல்லில் முட்டித்தான் நின்றதாம்.

சாமியில் குறையில்லை, ஆலைக்காரர்கள் நட்ட இடம்தான் தப்பு. குழாய் ஓடியது கால்வாய்க்கு அந்தப் பக்கம். மறுநாள் கால்வாயை அகலமாக்க மண்வாரி வருகிறது. கல்லை நம்பி எதிர்ப்பக்கம் வெட்டினால் குழாய் உடைந்து, நாற்றத் தண்ணீர் உடையப்பன் வீட்டுக்குள்தான் முதலில் நுழையும். கல்லைப் பிடுங்கிக் குழாய்ப் பக்கம் நட வேண்டும் என்றாள் எல்ஸி.

"சாமிய யாரும் தொடக்கூடாது. ஓட்டுறவன்கிட்ட சொன்னா போதும்லா," என்றார் உடையப்பன்.

"நாளைக்கு வாரவன்கிட்ட நான் சொல்லலாம் அண்ணே. அடுத்த வருசம் வாரவனுக்கு யாரு சொல்றது? ஒங்க லோரிய நிப்பாட்டுன சாமி மண்வாரிய நிப்பாட்டாதா? சரியான எடத்துல நின்னாத்தானே நிப்பாட்டும்?"

அவர் தாடையைச் சொறிந்தார். "சரி. ஆனா தேங்கா நீங்கதான் ஒடைக்கணும்."

மாதா கோயில் ஞாயிறு பூசை தவறாதவள் எல்ஸி. கழுத்துச் சிலுவையைத் தொட்டு, "மாதாவே, கோவிச்சுக்காதீங்க" என்று முணுமுணுத்துவிட்டு ஓங்கி அடித்தாள். தேங்காய்த் தண்ணீர் சட்டையெல்லாம் தெறித்தது. உடையப்பனே சிரித்துவிட்டார். அன்று மாலையே ஆலை ஆட்கள் கல்லைக் குழாய்க்கு நேராக நட்டார்கள்.

மறுநாள் மண்வாரியில் வந்த சீனக் கிழவர் மஞ்சள் துணியைப் பார்த்ததும் இயந்திரத்தை அணைத்தார். இறங்கிக் கும்பிட்டார். பிறகு அந்தப் பக்கமே திரும்பாமல் இந்தப் பக்கமாக வெட்டிக்கொண்டு போனார். எல்ஸி வாயே திறக்கவில்லை. இத்தனை வருடக் கத்தலுக்கு ஒருவர்கூட இப்படி ஒதுங்கியதில்லை. அவளுக்குச் சிரிப்பில் கண்ணே கலங்கிவிட்டது.

"அண்ணே," என்றாள் உடையப்பனிடம், "இந்த மஞ்சத் துணி எந்தக் கடையில வாங்குனீங்க? ரோடு முழுக்க இன்னும் நெறைய கல்லு இருக்கு."